கடற்கல்வியும் குடிமக்கள் அறிவியலும் (தூத்துக்குடிக் கரை)

கடலைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பிப்பதும், அவர்களும் கடலோர மக்களும் கண்டதைக் குறித்து ஆய்வாளர்களுக்கு அளிப்பதும் சேர்ந்த முறை. உப்பளங்களும் துறைமுகமும் சூழ்ந்த தூத்துக்குடி முத்தையாபுரத்துப் பிள்ளைகளுக்கு இதற்கான வசதி பக்கத்திலேயே இருக்கிறது: 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி, 1973-இல் முத்து வளர்ப்பில் வெற்றி கண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்.

2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டும் பல திரும்பி வந்தன. 1973-லும் தூத்துக்குடிக் கரையில் இதே அவலம் நடந்தது. அன்று பதிவு செய்து வைத்ததால்தான் இன்று இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

மாணவர்கள் இத்தகைய பணியில் இறங்குவதற்குச் சென்னை நல்ல முன்மாதிரி. 1988 முதல் அங்கே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவில் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள்.

கரையில் ஒதுங்கியது சங்கோ சிப்பியோ ஆமையோ, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, தேதி, நேரம், இடம் எழுத வேண்டும். எதுவும் தென்படாத நாளையும் எழுதுவது அவசியம். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஓர் உயிரினம் பெருகுகிறதா அருகுகிறதா என்று சொல்ல அந்த வெற்று நாள்களின் கணக்கும் வேண்டும்.

உயிருள்ளதைக் கரைக்கு எடுத்து வரக் கூடாது. பவளம், கடற்குதிரை, கடல் அட்டை மூன்றும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.