மிதவைக் காற்றாலைகள்: தொழில்நுட்ப வெற்றியும் வணிக எதிர்காலமும் (1972–2024)

முன்னுரை

1991இல் டென்மார்க்கின் விண்டபியில் உலகின் முதல் கடல்சார் காற்றாலைப் பண்ணை அமைந்தது. அதன் 11 காற்றாலைகளும் கடற்படுகையில் ஊன்றப்பட்டவை. ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் இவ்வாறு ஊன்றுவது பெருஞ்செலவாகும். ஆகவே, காற்றாலையை மிதவைமீது நிறுத்தி நங்கூரமிடும் முறை உருவானது. இம்முறை தொழில்நுட்ப அளவில் வென்றும் வணிக அளவில் இன்னும் நிலைபெறவில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே வடிவின் வளர்ச்சி

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெரோனிமஸ் 1972இல் இக்கருத்தை முன்வைத்தார். எனினும் அது மெகாவாட் அளவில் செயலுருப் பெற 37 ஆண்டுகள் ஆயின. 2009இல் நார்வேயின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாட்டாயில் (இன்றைய ஈக்வினார்), கார்மோய் தீவுக்கு அப்பால் 2.3 மெகாவாட் திறனுள்ள ஹைவிண்ட் காற்றாலையை நிறுவியது. செங்குத்தாக மிதக்கும் உருளையும் நங்கூரச் சங்கிலியும் எண்ணெய்த் துறைக்கு முன்பே பழகியவை. அதே வடிவக் கொள்கையில் 2017இல் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே 5 காற்றாலைகளும் (30 மெகாவாட்), 2023இல் நார்வேயின் டாம்பனில் 11 காற்றாலைகளும் (88 மெகாவாட்) இயங்கலாயின. ஸ்காட்லாந்துப் பண்ணை முதல் ஐந்தாண்டுகளில் நிறுவுதிறனில் சராசரியாக 54 விழுக்காடு மின்னுற்பத்தி செய்தது.

ஃபுகுஷிமாவின் பாடம்

அணுவுலை விபத்துக்குப் பின் ஜப்பானிய அரசு ஃபுகுஷிமா கடலில் 2013 முதல் 2016 வரை 3 மிதவைக் காற்றாலைகளை நிறுவியது. மூன்றின் மிதவைகளும் வெவ்வேறு வடிவின. எனவே ஒன்றில் பெற்ற பட்டறிவு மற்றொன்றின் செலவைக் குறைக்க முழுமையாக உதவவில்லை. 7 மெகாவாட் காற்றாலை பழுதுகளால் எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை. வணிகப் பயன் இல்லை எனக் கருதி, அனைத்தையும் அகற்ற முடிவு செய்யப்பட்டது.

விலையும் சந்தையும்

பிரிட்டனின் 2024ஆம் ஆண்டு ஏலத்தில் 400 மெகாவாட் கிரீன் வோல்ட் மிதவைத் திட்டம் மெகாவாட் மணிக்கு 139.93 பவுண்டு விலை பெற்றது. ஊன்றிய வகையின் புதிய திட்டங்கள் பெற்றதோ சுமார் 59 பவுண்டுதான். ஆயினும் ஊன்றிய வகையும் 2015 ஏலத்தில் 114 பவுண்டுக்கு மேல் பெற்று, 2019இல் சுமார் 40 பவுண்டுக்கு இறங்கிய ஒன்றே (அனைத்தும் 2012 விலைமட்டத்தில்). தொடர் உற்பத்தி இவ்வீழ்ச்சிக்கு ஒரு முதன்மைக் காரணம். மிதவை வகைக்கு அத்தகைய தொடர்ச்சி இன்னும் வாய்க்கவில்லை. டாம்பன் மின்சாரத்தை வாங்குவோரும் ஸ்னோர், குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல்களே என்பது பொதுச்சந்தை எட்டப்படாமையைக் காட்டுகிறது.

முடிவுரை

மிதவைக் காற்றாலை கடலில் நிலைக்குமா என்னும் வினாவுக்கு 2017க்குள் விடை கிடைத்துவிட்டது. எஞ்சிய வினா பொருளியல் சார்ந்தது. ஒரே வடிவை மீண்டும் மீண்டும் உருவாக்கும் வகையில் அரசுகள் தொடர்ந்து ஏலங்களை நடத்துமாயின் விலை குறைய வாய்ப்புண்டு. இன்றேல் ஃபுகுஷிமாவின் முடிவே பிற இடங்களிலும் நேரக்கூடும்.