ஈயக் குவளையும் இல்லத்தின் நலமும்

மரக்கலம் ஏழைக்கும் வெள்ளிக்கலம் செல்வருக்கும் உரியனவாக இருந்த காலத்தில், இடைநிலைக் குடும்பங்களின் கௌரவத்தைக் காத்த உலோகம் ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. 'பியூட்டர்' என்பது அதன் பெயர். வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்டு, செம்பையோ காரீயத்தையோ சேர்த்து உருக்கிய கலவை அது. கார்ன்வால் சுரங்கங்கள் வெள்ளீயத்தை அளித்தன. லண்டன் கைவினைஞர்கள் அதனைக் கலங்களாக வார்த்தனர்.

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய வில்லியம் ஹாரிசன், மரத்தட்டுகள் போய்ப் பியூட்டர் தட்டுகள் வந்ததை, முதியோர் தம் வாழ்நாளில் கண்ட பெரும் மாறுதல்களுள் ஒன்றாகக் குறிக்கிறார். தண்ணீர், பால், பார்லி மது யாவும் பியூட்டர் குவளைகளில் பருகப்பட்டன. மரண சாசனங்களிலும் அவை இடம்பெற்றன. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே உருகிவிடும். ஆதலால் பியூட்டர் கலங்களை அடுப்பிலேற்ற இயலாது. நசுங்கிய குவளையை வினைஞரிடம் கொடுத்தால், உருக்கிப் புதிதாக வார்த்துத் தருவார். பழங்கலங்கள் இன்று அருகிக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

வெளித்தோற்றத்தைக் கொண்டு கலவையின் தரத்தை அறிதல் எளிதன்று. காரீயமோ விலை குறைந்தது. எனவே 1348இல் லண்டன் வினைஞர் சங்கம் கலவைக்கு விதிகள் வகுத்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செய்தவர் தம் முத்திரையைக் கலத்தில் பொறிக்க வேண்டுமெனச் சட்டமும் பிறந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் சங்கத்தின் முத்திரைப் பலகைகள் அழிந்தபோது, புதிய பலகைகளில் முத்திரைகளை மீண்டும் பதியச் செய்தனர்.

ஆயினும் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தட்டுகளுக்குச் செம்பு கலந்த உயர்ந்த வகையை வகுத்த அவ்விதிகள், உருண்டை வடிவான பானக் கலங்களுக்குக் காரீயம் கலக்க இடமளித்தன! சங்கத்தார் அஞ்சியது வாணிக மோசடியையே, நஞ்சையன்று. புளிப்பான பானம் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து உடலிற் சேர்க்கும். குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு விளைக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெஃபீல்டில் வெள்ளீயம், அஞ்சனக்கல், செம்பு ஆகியவை சேர்ந்த, காரீயமற்ற கலவை பரவியது. அதற்குள் பீங்கானும் கண்ணாடியும் வீடுகளிற் புகுந்துவிட்டன.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் களிம்பு ஏறாதிருக்க நாம் பூசும் 'கலாய்' என்பதும் வெள்ளீயமே. அச்சொல்லின் மூலமான 'கல்யீ' என்னும் அரபுச் சொல், மலாய்த் தீபகற்பத்தின் 'கலா' என்னும் துறைமுகப் பெயரிலிருந்து வந்ததென அறிஞர் பலர் கருதுவர். கலாயிலும் காரீயம் கலந்தால் கேடு அதுவே. ரசம் வைக்கும் ஈயச் சொம்பிலும் அவ்வாறே.

ஆகவே பாத்திரத்தின் பளபளப்பை மட்டும் நோக்கி நாம் அமைதி கொள்ளலாகாது. அதில் கலந்துள்ளது யாதென வினவி அறிதலே, அதில் பருகும் நம் மக்களுக்கு நாம் செய்யும் காவலாகும்.