பி.டி. மாஸ்டரின் விசில்

பழைய நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியும் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டரிடம் போய் நிற்கும். "என்னா அதட்டல்! என்னா விசில்!" என்று சிரிப்போம். அந்த அதட்டலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு விதமான பள்ளிகள். ரக்பி போன்ற வசதியான பள்ளிகளில் பரந்த புல்வெளி. அங்கே ஆட்டமே பயிற்சி, மாணவனே கேப்டன். ஏழைப் பிள்ளைகளின் நகரப் பள்ளிகளிலோ சின்ன முற்றம், பெரிய வகுப்பு. பந்தைப் போட்டால் எங்கே ஓடுவது? ஆகவே வரிசை, கட்டளை, கைகால் அசைவு. போயர் யுத்தத்திற்கு (1899–1902) ஆள் எடுத்தபோது பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உடனே 1902-இல் ராணுவப் பயிற்சியைப் போன்ற பாடத்திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. 'குழந்தை என்ன சிப்பாயா?' என்ற கண்டனம் கிளம்பவே, 1904-இல் வேறு திட்டம் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. 1891 குளிர்காலம், ஸ்பிரிங்ஃபீல்டு. வெளியே விளையாட வழியில்லை. உள்ளே உடற்பயிற்சி செய்து சலித்துப்போன 18 இளைஞர்கள். ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். பிறந்தது கூடைப்பந்து! இடமும் மாணவர் மனமும் சேர்ந்து ஒரு வாத்தியாரை மாற்றிவிட்டன பாருங்கள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சியைத் தொடங்கினார். 1943-இல் மறையும்வரை அவர் உழைப்பு இங்கேதான். வெறும் டிரில் போதாது, விளையாட்டு வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டு ஆட்டங்களுக்கும் அவர் இடம் கொடுத்தார்.

ஆனால் பயிற்சி பெற்று வந்தவருக்கு வாய்த்த பள்ளியில் என்ன இருக்கும்? ஐம்பது பிள்ளைகள், ஒரே பந்து, கையகல இடம். வேறு வழி? விசில்தான்! பொட்டல் இருந்த கிராமத்துப் பள்ளியிலோ சடுகுடு, கிளித்தட்டு என்று பிள்ளைகளே அணி பிரித்துக்கொண்டார்கள். மாஸ்டர் நடுவர் மட்டுமே. குணம் பாதி, இடம் பாதி.

1966-இல் மஸ்கா மாஸ்டன் என்ற அறிஞர் கற்பிக்கும் முறைகளை வரிசைப்படுத்தினார். ஒரு முனையில் ஆசிரியர் கட்டளை. மறுமுனையில் மாணவனே கண்டறிவது. அவர் சொன்ன உதாரணம் அருமையானது. உயரம் தாண்டும் கயிற்றை மட்டமாகப் பிடித்தால் குள்ளமான பையன் சீக்கிரமே வெளியே போய்விடுவான். அதையே சாய்வாகப் பிடித்தால்? அவரவர் முடிந்த உயரத்தில் தாண்டலாம். யாரும் ஓரமாக உட்கார வேண்டியதில்லை. செலவு? அதே கயிறுதான்!

நம்மில் தலைமையாசிரியர்கள் உண்டு, பள்ளி நிர்வாகிகள் உண்டு, பெற்றோர் எல்லோருமே. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுப்பதும், மைதானத்தில் கட்டடம் எழுப்புவதும் நம் கையெழுத்தில்தான் நடக்கிறது. மாஸ்டரைக் குறை சொல்லுமுன், அவருக்கு நாம் கொடுத்த இடத்தையும் நேரத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்போமே!