ஹயபுசா: ஒரு பெயர், நாலு இயந்திரங்கள்

ஹயபுசா எண்டதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வாறது சுசுகி பைக்தான். 1999இல் வெளிவந்த 1300 சிசி வண்டி, மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டின வேகம். ஆனால் பெயர் பைக்கோட பிறந்ததில்லை. ஜப்பானில் இதே பெயரில் போர்விமானம், ரயில், விண்கலம் எல்லாம் இருக்கு.

ஹயபுசா என்பது வானத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து இரையைப் பிடிக்கிற வல்லூறு வகைப் பறவை. வேகமான எதுக்கும் பொருந்துகிற பெயர். 1958இல் டோக்கியோவிலிருந்து தெற்கே ககோஷிமாவுக்குப் புறப்பட்ட இரவு ரயிலுக்கு அதை வைத்தார்கள். 2009இல் அந்தச் சேவை நின்றது. 2011இல் வடக்கே அவோமோரிக்கு ஓடத் தொடங்கிய புல்லட் ரயில் அதே பெயரை எடுத்துக்கொண்டது.

விமானத்தின் கதை இவ்வளவு இலேசானதில்லை. நகஜிமா நிறுவனம் வடிவமைத்த கி-43 விமானம் 1941இல் ஜப்பானியத் தரைப்படையில் சேர்ந்தது. கிட்டத்தட்ட 5,900 விமானங்கள் கட்டப்பட்டன. 1942இல் ஹயபுசா என்ற பெயரைப் போர்ப் பிரசாரம் ஊரெல்லாம் கொண்டுபோனது. 1944இல் அதைப் பற்றிச் சினிமாவே எடுத்தார்கள். 1941 டிசம்பரில் மலாயாவுக்குப் படைகொண்டு போன கப்பல்களுக்கு வானத்தில் காவல் நின்றது இந்த விமானம்தான். அந்த ஆக்கிரமிப்பின் கீழ்தான் மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். போரின் கடைசியில் இதே விமானங்களில் இளம் விமானிகளைத் தற்கொலைத் தாக்குதலுக்கும் அனுப்பினார்கள்.

கி-43ஐ வடிவமைத்த குழுவில் ஹிதேயோ இதோகவா என்ற இளம் பொறியியலாளர் இருந்தார். தோல்விக்குப் பிறகு ஜப்பானில் விமான உற்பத்தி, ஆராய்ச்சி இரண்டுக்கும் தடை. 1952இல்தான் அது நீங்கியது. இதோகவா விமானத்துக்குத் திரும்பாமல் ரொக்கெட் பக்கம் போனார். 1955இல் டோக்கியோவுக்குப் பக்கத்திலுள்ள கொகுபுன்ஜியில் அவருடைய குழு சோதித்த 'பென்சில்' ரொக்கெட்டின் நீளம் வெறும் 23 சென்ரிமீற்றர். அதை மேலே ஏவவில்லை, கிடையாகச் சுட்டுத்தான் அளந்தார்கள். ஜப்பானின் விண்வெளித் திட்டம் தொடங்கியது அங்கேதான்.

இதோகவா 1999இல் இறந்தார். 2003 மேயில் சிறுகோள் ஒன்றை நோக்கிப் புறப்பட்ட ஜப்பானிய விண்கலத்துக்கு ஹயபுசா எண்டு பெயர் வைத்தார்கள். பறவை மாதிரி இறங்கி, மண்ணைக் கொத்திக்கொண்டு எழும்ப வேண்டும் என்பது விளக்கம். அதே வருசம் அந்தச் சிறுகோளுக்கு இதோகவாவின் பெயரே சூட்டப்பட்டது. 2005இல் ஹயபுசா இதோகவாவில் இறங்கியது. பிறகு தொடர்பு அறுந்து, எஞ்சின்கள் பழுதாகி, 2010 ஜூனில்தான் திரும்பியது. கலம் வளிமண்டலத்தில் எரிந்துபோனது. அது விடுவித்த சிறு பெட்டகம் மட்டும் தூசித் துணிக்கைகளோட அவுஸ்திரேலியாவில் விழுந்தது.

இந்தக் கதையை ஜப்பானில் பெருமையோட சொல்லுவார்கள். பெருமைப்பட விசயமும் இருக்கு. ஆனால் 'போர்விமானம் செய்தவர் விண்வெளிக்கு வழி திறந்தார்' எண்டு ஒரே மூச்சில் சொல்லி முடிச்சால், நடுவில் மலாயா காணாமல் போயிடும். பெயர் புது இயந்திரத்துக்கு மாறலாம். பழைய இயந்திரம் யார் தலைக்கு மேலே பறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.