வேலைமுறைத் தாளில் விடுபட்ட பெயர்

எழுதிவைத்து வேலை செய்யும் பழக்கத்தை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவை வெளிநாட்டுக் கம்பெனிகளே என்று நம்புவோர் உண்டு. ஆண்டுகள் அப்படிச் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998-இல். சென்னைப் பாடியின் சுந்தரம் கிளேட்டன் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றதும் அதே ஆண்டில்தான். சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990-லேயே ஐ.எஸ்.ஓ. 9000 தரச் சான்றிதழ் வாங்கிவிட்டது. எந்த வேலை எந்த வரிசையில் நடக்கிறது, யார் சரிபார்க்கிறார் என்பதைத் தாளில் காட்டாமல் இவை கிடைக்காது. ஆக, 2010-இல் ரெனோ-நிசானும் 2012-இல் டைம்லரும் ஒரகடத்தில் ஆலை திறந்தபோது, சென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல.

ஆனால் அந்த வேலைமுறைத் தாளுக்கு இரண்டு வம்சங்கள் உண்டு. 1911-இல் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் வகுத்த வழியில் திட்டமிடுவது அலுவலகம், செய்வது தொழிலாளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா நடத்திய டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry) பயிற்சியோ, பட்டறை மேற்பார்வையாளரையே தன் வேலையைப் படிகளாகப் பிரித்து, கவனிக்கவேண்டியதைக் குறித்து, ஒரே தாளில் எழுதவைத்தது. போருக்குப்பின் அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோவும் வேலைமுறைத் தாளைப் பட்டறைக்காரர்களே எழுதவேண்டும் என்றார். நம் லைன்களில் லேமினேட் செய்து தொங்கும் தாள், வடிவத்தில் டொயோட்டா; எழுதப்படும் விதத்தில் பெரும்பாலும் டெய்லர்தான். பொறியாளர் எக்ஸெலில் கட்டம் போட்டு, படம் ஒட்டி, ஆடிட்டுக்கு முன் கையெழுத்து வாங்குகிறார்.

டிரெய்னிகளும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் வேறென்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டி.டபிள்யூ.ஐ. பிறந்ததே ஆலைவேலை அறியாத புதியவர்களுக்காக. ஆள் அடிக்கடி மாறும் இடத்தில்தான், போகிறவர் தன் கைப்பக்குவத்தைத் தாளில் விட்டுப்போக வேண்டும். ஆளாளுக்கு எழுதினால் ஒழுங்கு குலையும் என்ற அச்சத்துக்கு, ஒப்புதல் அதிகாரத்தை ஒருவரிடம் வைத்தால் போதும். திருத்தங்கள் பெருகுமே என்றால், பெருகட்டும்! ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் 919-இல் கல்லில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகளையே 921-இல் திருத்தி மறுபடி வெட்டினார்கள். எக்ஸெலைத் திருத்தவா முடியாது?

தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூன்று கட்டங்கள் தாளின் அடியில் இருக்கின்றன. முதல் கட்டத்தில், அந்த இடத்தில் நின்று வேலை செய்பவரின் பெயரை எழுதுங்கள்.