பம்பாயும் சென்னையும்: வான்வழியின் தூரமும் நேரமும்

மும்பைக்கும் சென்னைக்கும் இடையே வானில் நேர்கோடு ஒன்று வரைவோமாயின் அதன் நீளம் சுமார் 1,030 கிலோமீட்டர். ஜெட் விமானம் இத்தொலைவை இன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. தூரம் அன்றும் இதுவே. ஆயினும் 1932ஆம் ஆண்டில் இவ்வழியே முதல் விமானத் தபால் சென்றபோது இரண்டு பகல்களும் இடையே ஓர் இரவும் தேவைப்பட்டன. அதன் காரணத்தைச் சிறிது நோக்குவோம்.

அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள், லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்திருந்த தபாலை ஏற்றிக்கொண்டு ஜே. ஆர். டி. டாட்டா புறப்பட்டார். அவர் ஓட்டிய 'பஸ் மாத்' ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம். ஆமதாபாத் வழியாக வந்து, பிற்பகலில் ஜூகு மைதானத்தில் இறங்கினார். அங்கே தபாலைப் பெற்றுக்கொண்டு தெற்கு நோக்கிப் பறந்தவர் நெவில் வின்சென்ட். அவ்விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கணக்குப்படி ஆறரை மணி நேரப் பயணந்தான். ஆனால் பொழுது சாய்ந்தபின் இறங்குவதற்கு வழிநெடுக விளக்குகள் ஏது? ஆகவே பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாளே சென்னை சேர்ந்தார். மழைக்காலத்தில் ஜூகு மைதானம் நீரில் மூழ்கிவிடும். அம்மாதங்களில் விமானங்கள் புனாவிலிருந்து புறப்பட்டன. காலத்தை விழுங்கியது தூரமன்று, இருளும் சேறுமே.

இதற்கு நல்ல சான்று 1949ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய இரவுத் தபால் சேவை. பம்பாய், சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களின் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டன. நாகபுரியைச் சுற்றிச் செல்லும் வழி சுமார் 1,600 கிலோமீட்டர். நேர்வழியை விட ஒன்றரை மடங்கு. எனினும் மாதுங்காவில் மாலையில் எழுதிய கடிதம் மறுநாட் காலையில் சென்னையை அடைவது இயல்வதாயிற்று. உறங்கும் பொழுதைப் பயணப் பொழுதாக்கிய உபாயம் இது.

கடிதம் இவ்வாறு பறந்ததே தவிர, அதை எழுதியவர் நெடுங்காலம் ரயிலிலேதான் சென்றார். ஊரில் தாயார் கவலைக்கிடம் என்று தந்தி வந்தால், மறுவண்டி பிடித்து ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து, காரியம் முடிந்தபின் போய்ச் சேர்ந்தவர்கள் மாதுங்காவிலும் செம்பூரிலும் பலர். விமானக் கட்டணம் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாதது.

அரசாங்கக் காகிதங்களில் 'பயண நேரம்' என்னும் தொடரை அடிக்கடி மொழிபெயர்க்கும் நமக்கு, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் ஐயம் எழுவதுண்டு. தாராவியின் தோல் தொழிலாளர் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. சாந்தாகுரூஸ் விமான நிலையம் அவர்கள் குடியிருப்புக்கு அருகிலேயே உள்ளது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் சென்னையில் இறங்கினாலும், அங்கிருந்து நெல்லைக்கு இன்னும் 600 கிலோமீட்டருக்கு மேல் உண்டு.