மெட்ரோ ஓடும் ஊரில் வாடகை சைக்கிள்

பாரிஸில் எந்தத் தெருவில் நின்றாலும் நடக்கும் தூரத்தில் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கும். 1900-லிருந்து ஓடும் ரயில் அது. அப்படிப்பட்ட ஊரில் 2007 ஜூலை 15 அன்று, மேயர் பெர்த்ரான் தெலனோயேவின் காலத்தில், 'வெலிப்' வாடகை சைக்கிள்கள் தெருவுக்கு வந்தன. மெட்ரோவை விட்டுவிட்டு ஜனங்கள் இதில் ஏன் ஏறினார்கள்?

யோசனை பழையது. 1965-இல் ஆம்ஸ்டர்டாமின் 'ப்ரோவோ' இயக்க இளைஞர்கள் வெள்ளைச் சாயம் அடித்த சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது சட்டப்படி குற்றம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. 1995-இல் கோபன்ஹேகன் காசு போட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. எடுத்தவர் யார் என்று தெரியாததால் திருட்டு நிற்கவில்லை. எடுப்பவரை அடையாளம் காட்டும் அட்டை வந்த பிறகுதான் வழி பிறந்தது. 2005-இல் லியோன் நகரம் அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது.

பாரிஸ் அதையே இன்னும் பெரிதாகச் செய்தது. தொடக்கத்தில் ஆண்டுச் சந்தா 29 யூரோவாகவும், ஒவ்வொரு சவாரியிலும் முதல் அரை மணி நேரம் இலவசமாகவும் இருந்தது. நகருக்குள் பெரும்பாலான பயணங்களுக்கு அது தாராளம். மெட்ரோவில் வண்டி மாற வேண்டுமானால் ஷாத்லே போன்ற நிலையங்களில் நீண்ட சுரங்கப் பாதைகளில் நடக்க வேண்டும். சைக்கிளில் நேராகப் போய்விடலாம். நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் மெட்ரோ நின்றுவிடும், சைக்கிளுக்குக் கடைசி வண்டி கிடையாது.

வெலிப் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதுவரை சைக்கிளைத் தொடாதவர்களும் அந்த நாட்களில் வெலிப் நிறுத்தங்களைத் தேடி ஓடினார்கள். லண்டனிலும் இதே கதைதான்: 2015 ஜூலை 9 அன்று சுரங்க ரயில் ஓடாதபோது ஒரே நாளில் 73,000-க்கும் மேற்பட்ட வாடகைச் சவாரிகள் பதிவாயின.

ஆனாலும் வெலிப் ஓட்டியவர்களை மெட்ரோவைக் கைவிட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பாரிஸின் மோன்மார்த்ர் குன்றைப் பார்த்தால் அது புரியும். காலையில் சரிவில் சைக்கிளில் இறங்கினார்கள். மாலையில் அந்தக் கனமான வண்டியை மேலே மிதிக்க மனமில்லாமல் மெட்ரோவையோ பஸ்ஸையோ பிடித்தார்கள். மேட்டு நிறுத்தங்கள் காலியாயின, பள்ளத்து நிறுத்தங்களில் வண்டியை விட இடமில்லை. சைக்கிள்களை லாரிகளில் ஏற்றி மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. 2008-இல் நிர்வாகம் ஒரு சலுகை அறிவித்தது: மேட்டு நிறுத்தத்தில் சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவருக்குக் கூடுதலாக 15 நிமிடம் இலவசம்.